வேங்கிக்காலிலிருந்து கப்பல் பார்ப்பவள்

கப்பல் எங்கே இருக்கிறது என்று யார் எப்போது கேட்டாலும் பதில் சொல்வதுதான் என் வேலை. நானோ கடலை மொத்தம் மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன்.

சரக்குக் கப்பல்களுக்கு ஆள் அனுப்பி, அந்தக் கப்பல்களைக் கவனித்துக்கொள்ளவும் செய்யும் ஒரு சென்னைக் கம்பெனி எங்களுடையது. கொரோனா சமயத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள், அது அப்படியே நிலைத்துவிட்டது. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால், எங்கள் வீட்டு மாடி அறையில் இரண்டு கம்ப்யூட்டர் திரை. அதில் உலக வரைபடம், வரைபடத்தில் பதினெட்டு புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியும் ஒரு கப்பல். எந்தக் கடலில் எந்த இரண்டு நாட்டுக் கடற்படைகள் முறைத்துக்கொண்டு நிற்கின்றன, எங்கே குண்டு சுடும் பயிற்சி நடக்கிறது, எந்த வழியில் போகக்கூடாது என்று பார்த்துக் கப்பலுக்குத் தெரிவிக்க வேண்டும். இதில் எனக்கு மேலே கேப்டன் சார் இருக்கிறார். முப்பது வருஷம் கப்பல் ஓட்டி ஓய்வு பெற்று, இப்போது சென்னை ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர். ஆனால் கப்பலில் இருப்பவர்களின் வீட்டாருக்குப் பதில் சொல்ல நான் ஒருத்திதான். மின்வாரியத்திலோ ஆஸ்பத்திரி வரவேற்பிலோ உட்கார்ந்து, அடுத்தவர் கவலையைக் காதில் வாங்கிக்கொள்ளும் வேலையில் இருப்பவர்களே, நான் என்ன சொல்ல வருகிறேன் என்று உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும்.

கரையேறிய கப்பல்

ஏழுமலை அண்ணன் கீழ்பென்னாத்தூர்க்காரர். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் விவசாயி. மகன் சரவணன் எங்கள் எண்ணெய்க் கப்பல் ஒன்றில் எஞ்சின் ரூம் ஃபிட்டர். கப்பல் எங்கே போகிறது என்று காட்டும் ஆப் ஒன்றைப் போனில் போட்டுக்கொண்டு, வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு நாள் காலையில் கூப்பிட்டார். குரல் சரியில்லை. "ஏம்மா, கப்பல் தரை மேல நிக்குதே. சுத்தி மணல்தான் இருக்குது. கரையில மோதி ஏறிடுச்சா?" என்றார். என் திரையிலும் அப்படித்தான் இருந்தது. கடற்கரையைத் தாண்டி, பாலைவனத்து நடுவில் எங்கள் புள்ளி.

கேப்டன் சாரைக் கூப்பிட்டேன். அவர் பதறவில்லை. கப்பல் போகும் வளைகுடாவில் இரண்டு பக்கத்துக் கடற்படைகளும் ஒருவர் கண்ணில் ஒருவர் மண் தூவ, செயற்கைக்கோள் சிக்னலைக் குழப்பி விடுகிறார்களாம். அதில் போர்க்கப்பலோடு சேர்த்து நம் கப்பலும் இடம் மாறித் தெரியுமாம். கப்பலுக்கே போன் போட்டுப் பேசினோம். ரேடாரில் கரையைப் பார்த்துப் பார்த்து ஓட்டுவதாகவும், சரியான பாதையில் போவதாகவும், மதியத்துக்குச் சாம்பார் என்றும் சொன்னார்கள். இதை அப்படியே ஏழுமலை அண்ணனிடம் ஒப்பித்தேன். எல்லாம் கேட்டுக்கொண்டு சொன்னார்: "அப்போ தண்ணியிலதான் இருக்கான். அது போதும்மா. மீசை மொளச்ச நாள்லேர்ந்து அவன் இருக்கறதா சொன்ன எடத்துல இருந்ததே இல்ல."

இரண்டு குரல்

உமர் நம் திருவண்ணாமலை டவுன் பையன்தான், ஒரு கப்பலில் செகண்ட் ஆபீசர். லீவில் வந்தபோது பேரீச்சம்பழத்தோடு வீட்டுக்கு வந்து சொன்ன கதை இது. வளைகுடாவின் வாயில் இருக்கும் குறுகலான ஹோர்முஸ் நீரிணைக்குள் நுழைகிறார்கள். ரேடியோவில் ஒரு குரல்: இது எங்கள் கடல், வடக்கே திரும்பு, சோதனை போட வேண்டும். அது முடிவதற்குள் இன்னொரு நாட்டுப் போர்க்கப்பலிலிருந்து இன்னொரு குரல்: இது பொது வழி, திரும்பாதே, நாங்கள் இருக்கிறோம். முதல் குரலின் ரோந்துப் படகு ஒன்று கூப்பிடு தூரத்துக்கு வந்து கூடவே ஓடியது. அதன் முன்பக்கத்துத் துப்பாக்கியின் உறையை எடுத்துவிட்டிருந்தார்கள். ரேடியோவில் பதில் சொல்ல வேண்டியவன் உமர்தான்.

"அப்புறம் என்னடா பண்ணீங்க?" என்று கேட்டேன். பைனாகுலரில் படகைப் பார்த்தானாம். துப்பாக்கிக்குப் பின்னால் நின்றவனுக்கும் இவன் வயசுதான் இருக்கும். வாயைப் பெரிதாகத் திறந்து கொட்டாவி விட்டானாம். அதைப் பார்த்ததும்தான் இவனுக்கு மூச்சு சீராக வந்திருக்கிறது. கப்பலின் கேப்டன், வேகத்தையும் மாற்றாதே, திசையையும் மாற்றாதே, மரியாதையை மட்டும் குறைக்காதே என்றாராம். ஒரு மணி நேரத்தில் படகு திரும்பிப் போய்விட்டது. உமர் சொன்னது: "ரெண்டு பேருக்கும் 'ஓகே சார், தேங்க்யூ சார்'னு சொன்னோம்க்கா. ரெண்டு பேரும் நம்ம பேச்ச கேட்டுட்டாங்கன்னு நெனச்சிட்டாங்க. கப்பல் பாட்டுக்கு நேரா போச்சு."

தையல் மிஷின்

இது எங்கள் கப்பலே இல்லை. இருந்தாலும் என் தலையில் விழுந்தது. தெரு முனையில் தையல் கடை வைத்திருக்கும் பாய், வெளிநாட்டு எம்பிராய்டரி மிஷின் ஒன்றுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். ரம்ஜானுக்கு முன்னால் வந்துவிடும் என்றார்கள். வரவில்லை. செங்கடல் பக்கம் நிலவரம் சரியில்லை, கப்பல்கள் எல்லாம் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வருகின்றன என்று ஏஜென்ட் கை விரித்துவிட்டார். கப்பல் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து, "பாத்து சொல்லுங்களேன்" என்றார். பார்த்தேன். ஆப்பிரிக்காவின் தெற்கு முனையைத் தாண்டிவிட்டது, இனி நேராக நம் பக்கம்தான் என்றதும் முகம் தெளிந்தது. வரைபடத்தில் அது வந்த வழியை விரலால் தடவிக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டார்: "அவுங்களுக்குள்ள தகராறுன்னா, எம் மிஷினு ஏம்மா இவ்ளோ தூரம் சுத்தணும்?"

பௌர்ணமி

மங்கை அக்கா அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாக டீக்கடை வைத்திருக்கிறார். மகள் கௌரி எங்கள் எண்ணெய்க் கப்பல் ஒன்றில் தேர்ட் ஆபீசர். எங்கள் கம்பெனியில் கப்பல் ஏறிய முதல் பெண் அவள்தான். ஒரு பௌர்ணமி வாரம், நீரிணையில் நிலைமை மோசம். எவர் கண்ணிலும் படாமல் கடந்துவிடட்டும் என்று, இருப்பிடம் சொல்லும் கருவியை அணைத்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தோம். காலையில் என் திரையிலிருந்து புள்ளி மறைந்தது. இதை முன்கூட்டியே அக்காவிடம் சொல்லியிருந்தேன். ஆனால் அதே நேரத்தில், எங்கோ ஓர் எண்ணெய்க் கப்பலைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று டிவியில் ஓடியது. அது எங்கள் கப்பலா இல்லையா என்று எனக்கே மூன்று மணி நேரம் தெரியாது. அந்த மூன்று மணி நேரத்தில் நான் எத்தனை முறை மாடிப்படி ஏறி இறங்கினேன் என்று என் வீட்டுக்காரரைக் கேளுங்கள்.

மதியம் கப்பலிலிருந்து ஒரு வரி வந்தது. கடந்துவிட்டோம், எல்லோரும் நலம். உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். போகவில்லை. பௌர்ணமிக் கூட்டம், லட்சக்கணக்கில் போன்கள், டவர் திணறிவிட்டது. பத்து தடவை போட்டுப் பார்த்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். தடுப்பில் போலீஸ்காரர் நிறுத்தினார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன். எங்கள் பக்கத்திலிருந்து போனால் கிரிவலம் வருபவர்களுக்கு எதிர்த்திசை. முழு உலகமும் இந்தப் பக்கம் வர, நான் மட்டும் அந்தப் பக்கம் போனேன். "சாமிய இப்டி சுத்தக்கூடாதும்மா" என்று ஆளாளுக்குத் திருத்தினார்கள். "கப்பல் விஷயம்ங்க" என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். யாருக்கு என்ன புரிந்ததோ, வழி மட்டும் விட்டார்கள்.

கடையில் அக்கா டீ ஆற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. நான் வந்த கோலம் அப்படி. எதற்காக வந்திருக்கிறேனோ என்று அந்தக் கண் பயந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. "தாண்டிட்டாக்கா. நல்லா இருக்கா" என்றேன், மூச்சு வாங்க. அக்கா அழவில்லை. டம்ளரை மெதுவாக வைத்தார், முந்தானையால் முகத்தை ஒரு தரம் துடைத்தார், ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஒரு டீயை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "எதிர்க்கவே வந்தியா? குடி. திரும்பி போவும்போது இவங்களோடயே நடந்து போ, பாதி புண்ணியமாவது கெடைக்கட்டும்."

ஒரு எண்

கடைசியாக என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். மூன்று நாட்டுக் கடற்படைகள் சேர்ந்து அரபிக்கடலில் சுடும் பயிற்சி நடத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. ஒருவர் பயிற்சி நடத்தினால் போட்டிக்கு இன்னொருவர் நடத்துவார். அந்த மாதம் இது நான்காவது. இந்த இடத்துக்குள் வராதே என்று அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் கொடுத்திருப்பார்கள். அதை வரைபடத்தில் குறிப்பது என் வேலை. குறித்துக் கேப்டன் சாருக்கும் அனுப்பிவிட்டு, கீழே இறங்கி வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன். பாதி வெங்காயத்தில் சுருக்கென்றது. பதினெட்டு என்று அடித்தேனா, எட்டு என்று அடித்தேனா?

கையைக்கூடக் கழுவாமல் மேலே ஓடினேன். எட்டுதான். பயிற்சி நடக்கும் இடம் என்று காலிக் கடலில் கோடு போட்டிருக்கிறேன். பதினெட்டாவது அட்சரேகைப் பக்கம் எங்கள் கப்பல் ஒன்று, இருபத்து மூன்று பேரோடு, சுடும் இடத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறது. சென்னைக்குப் போன் போட்டு, வேலை போனாலும் பரவாயில்லை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கண்ணில் நீர், அது வெங்காயத்தாலா என்று தெரியவில்லை. கேப்டன் சார் முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ அனுப்பின அஞ்சு நிமிஷத்துல பாத்துட்டேன், கப்பல திருப்பச் சொல்லியாச்சு. உனக்கு போன் பண்ணத்தான் எடுத்தேன், அதுக்குள்ள நீயே கூப்ட்டுட்ட. இனிமே அனுப்பறதுக்கு முன்னாடி ரெண்டு தரம் படி, இப்ப போயி கொழம்ப வையி."

எந்த நாடு எந்தக் கடலைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நிபுணர்கள் டிவியில் விளக்கிக்கொண்டே இருக்கட்டும். எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளில் யார் எந்தக் கடலில் இருக்கிறார்கள், இன்றைக்கு மதியம் என்ன சாப்பிட்டார்கள் என்பது வரைக்கும்தான் எனக்கு ராணுவ ரகசியம் தெரியும்.