பாய்க்கு விட்டுவைத்த மண்ணீரல்

எனக்கும் ஆத்தூர் பாய்க்கும் ஒரே வாரத்தில், சேலத்தில் ஒரே டாக்டர்தான் இரைப்பைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்தார். எனக்கு இரைப்பையோடு மண்ணீரலையும் எடுத்துவிட்டார். பாய்க்கு மண்ணீரலை விட்டுவைத்தார். இரண்டு வருடமாக இதை நான் மன்னிக்கவில்லை. டாக்டரை மன்னித்துவிட்டேன், பாயைத்தான் முடியவில்லை.

நாமக்கல்லில் எனக்கு லாரிப் பட்டறை. கழட்டிய சாமானைச் சாக்கின் மேல் பரப்பி வண்டிக்காரரிடம் காட்டிவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம். காட்டாவிட்டால் வேலை நடந்ததையே நம்ப மாட்டார். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். என் மனைவியை ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்குக் கூப்பிட்டு, எடுத்ததை ஸ்டீல் தட்டில் காட்டியிருக்கிறார்கள். இரைப்பையும், அதன் ஓரத்தில் கருஞ்சிவப்பாகக் கைப்பிடி அளவு இன்னொன்றும் இருந்தது என்றாள்.

டாக்டர் பொறுமையாகவே விளக்கினார். என் கட்டி மேல்பக்கம் வளர்ந்து மண்ணீரலோடு ஒட்டியிருந்ததாம். அதை விட்டால் நோயையும் சேர்த்து விட்டதாகும். ஒட்டாத ஆளுக்கு மண்ணீரலை எடுப்பது வீண் கெடுதல். பட்டறைக்காரனுக்கு இது புரியாதா? நன்றாகவே புரிந்தது. ஆனால் வயிற்றை எடுத்த பிறகும் வயிற்றெரிச்சல் மட்டும் அப்படியே இருந்தது.

பாய் ஜவ்வரிசி வியாபாரி. மனைவியை இழந்தவர். மகள் வெளியூர் விடுதியில் படித்துக்கொண்டிருந்ததால், மகன்தான் கடைக்கும் ஆஸ்பத்திரிக்குமாக ஓடிக்கொண்டிருந்தான். பத்தாம் நாள் பக்கத்துக் கட்டிலிலிருந்து, தனக்கு மண்ணீரல் தப்பிவிட்டது என்று சந்தோஷமாகச் சொல்லி, எனக்கு எப்படி என்று கேட்டார். எனக்கும் அப்படியே இருக்கிறது என்று கூசாமல் சொன்னேன். சாத்துக்குடி பிழிந்துகொண்டிருந்த என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஸ்பூனை என் வாயில் வைத்தாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எனக்கு மட்டும் ஓர் அட்டை கொடுத்தார். மண்ணீரல் இல்லாதவனுக்குக் கிருமி ரத்தத்தில் ஏறினால் ஒரே நாளில் ஆளைச் சாய்த்துவிடும். தடுப்பூசி போட்டிருந்தாலும், காய்ச்சல் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த அட்டையைக் காட்ட வேண்டும். நான் அதை பர்ஸின் அடியில் ஒளித்துவைத்தேன்.

போன மாதம் பாயின் மகளுக்கு ஆத்தூரில் நிக்காஹ். மனைவி வர மறுத்துவிட்டாள். “அந்தப் பொய்யச் சொல்றதுக்கு நீங்க மட்டும் போங்க. நா வரலீங்க.”

நிக்காஹ் முடிந்து பந்தி தொடங்கும் நேரத்தில் எனக்குக் குளிர் எடுத்தது. பல் கிட்டியது. பாய் என்னை மண்டபத்து அறையில் படுக்கவைத்து, மாத்திரை கொடுத்துப் போர்த்திவிட்டார். தனக்கும் சமீபத்தில் காய்ச்சல் வந்ததாகவும், இரண்டு நாள் படுத்ததில் போய்விட்டதாகவும் சொன்னார். “நமக்கு ஒரே கேஸ்தானே அண்ணே. பயப்படாதீங்க.”

கால் மணி நேரம் அப்படியே கிடந்தேன். பேசாமல் செத்துப்போவதா, பாயிடம் தோற்பதா என்று யோசித்தேன். சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் நிஜமாகவே யோசித்தேன். பிறகு பாயைக் கூப்பிட்டு அட்டையை நீட்டினேன்.

“எனக்கு எடுத்துட்டாங்க பாய். அன்னிக்குச் சொன்னது பொய்யிங்க.”

அவர் அட்டையைப் படித்தார். பெண்ணைப் பெற்றவர் வாசலில் நின்று ஊரை உபசரிக்க வேண்டிய நேரம் அது. அதைத் தம்பியிடம் விட்டுவிட்டு, தானே காரை எடுத்து என்னை ஆத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அங்கிருந்த டாக்டரிடம் மண்ணீரல் இல்லை என்பதைத்தான் முதலில் சொன்னார். உடனே ஊசி போட்டு ட்ரிப் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று பிறகு சொன்னார்கள்.

மாலையில் கண் விழித்தபோது பாய் பக்கத்து நாற்காலியில் இருந்தார். இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. அத்தர் வாசனை போகவில்லை. ஏன் மறைத்தேன் என்று கேட்டார்.

“உங்களுக்கு இருக்குதேன்னு பொறாமைங்க பாய்.”

அவர் என் போர்வையை இழுத்துவிட்டார். “நான் அன்னிக்கு அந்தச் சாத்துக்குடியைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன் அண்ணே. எனக்குப் பிழிஞ்சு குடுக்க ஆளில்லையேன்னு.”

தகவல் தெரிந்து மனைவி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். வந்ததும், காலையிலிருந்து பட்டினி கிடக்கும் இந்த மனிதருக்கு முதலில் ஒரு டம்ளர் சாத்துக்குடி பிழிந்து கொடுக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். உயிரைக் காப்பாற்றியவர்தான். ஆனாலும் அதற்குக் கொஞ்சம் மனம் வரவில்லை.