பிளாஸ்டர் மணத்த பியர்

எழுபதுகளின் நடுப்பகுதியில் நானும் மனைவியும் அவுஸ்திரேலியாவின் டண்டினொங்கில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான் ஒரு தொழிற்சாலையில் பொறியியலாளன். அவள் ஆஸ்பத்திரியில் தாதி. வீட்டில் பியர் காய்ச்சலாம் என்று அரசாங்கம் அனுமதித்து அதிக காலம் ஆகவில்லை. வேலையிடத்தில் தேநீர் இடைவேளை முழுக்க அந்தப் பேச்சுத்தான். எனக்குக் கிரிக்கெட் தெரியும். பந்தைக் கையாலும் பிடித்து ஓடும் அவர்களுடைய காற்பந்து கடைசிவரை விளங்கவில்லை. வாய் திறக்க ஒரு விஷயம் வேண்டியிருந்தது. அதனால்தான் பியர் காய்ச்ச இறங்கினேன்.

கூட்டுச் சேர்ந்தவர் மலேசியாவிலிருந்து படிக்க வந்து, பெயின்ற் கொம்பனி ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்த நண்பர். இரசாயனம் படித்தவர். அவர் சொன்னால் பிழைக்காது என்று நான் நம்பினேன். அவரும் அப்படியே நம்பினார்.

முளைவிட்ட பார்லியில் செய்த மோல்ட் பாணி ஒரு டின், சீனி, நொதிக்க வைக்க ஈஸ்ட், மூடியோடு புதிய பிளாஸ்டிக் குப்பைவாளி ஒன்று. நண்பர் வாளிக்குள் பிளீச்சை ஊற்றித் தேய்த்தார்.

"கிருமிதான் அண்ணே எதிரி. ஒண்ணுகூட மிஞ்சக் கூடாது."

"தண்ணியால கழுவ வேண்டாமே?"

"கழுவினா கிருமி திரும்ப வந்துடும் லா."

சில வாரங்கள் கழித்து முதல் போத்தலைத் திறந்தோம். குடிக்காத என் மனைவி கிளாஸை மணந்து மட்டும் பார்த்தாள்.

"எங்கட வார்டில புண்ணுக்கு ஒட்டுற பிளாஸ்டர் மணக்குது."

"அது பியருக்குக் கசப்பு தர்ற ஹொப்ஸ் பூ வாசனை அக்கா. நமக்குப் பழக்கமில்ல," என்றார் நண்பர்.

பழக்கப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று இருவரும் மூக்கைப் பிடிக்காத குறையாகக் குடித்தோம். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஒரு ரயில்வேக்காரர் இருந்தார். பிறந்ததிலிருந்து பியரோடு வளர்ந்த வெள்ளைக்காரர். வேலிக்கு மேலால் அவருக்கும் ஒரு கிளாஸ் நீட்டினோம். ஒரு மிடறு குடித்தார், சற்று நேரம் வானத்தைப் பார்த்தார், "இன்றரஸ்டிங்" என்றார். பாராட்டு என்று பூரித்துப்போனோம். அந்தச் சொல்லின் அர்த்தம் விளங்க எனக்கு இந்த நாட்டில் பல வருடங்கள் பிடித்தன.

அடுத்த முறை குளிர்காலம். ஈஸ்டுக்குத் தடிமன் பிடித்துவிடும் என்று பயந்து வாளியை இரண்டு கம்பளியால் சுற்றி ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தோம். நுரை எப்படி வருகிறது என்று பின்னேரம்தோறும் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தோம். இந்த முறை பியர் கனிந்து கறுத்த வாழைப்பழமாக மணத்தது. நண்பருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நம்ம ஊரு டேஸ்ட் தானா வந்திருக்கு, பாத்தீங்களா!"

"வெரி இன்றரஸ்டிங்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

ஒரு சனிக்கிழமை நானும் நண்பரும் காற்பந்து விளங்கிக்கொள்ள மைதானத்துக்குப் போயிருந்தோம். திரும்பி வந்தபோது குளியலறையின் குளிர்ந்த மூலையில் வாளி இருந்தது. மூடிக்கு மேலே உடுப்புக்கூடை. மோல்ட் டின்னில் ஒட்டியிருந்த செய்முறைக் கடதாசியை என் மனைவி வாசித்திருக்கிறாள். அப்படியொரு கடதாசி இருந்ததே எங்களுக்குத் தெரியாது. பிளீச் மணம் போக வாளியைக் கொதித்தாறிய தண்ணீரால் பலமுறை அலசி, தானே புதிதாகப் பியர் காய்ச்சி ஊற்றியிருக்கிறாள்.

"மூடியில கை வைச்சால் ரெண்டு பேருக்கும் சோறில்லை," என்றாள்.

சில வாரங்கள் கழித்து அந்தப் பியரைக் குடித்தபோது பக்கத்து வீட்டுக்காரர் வானத்தைப் பார்க்கவில்லை. இன்னும் ஊற்றும்படி கிளாஸைத் திரும்ப நீட்டினார். பிறகுதான் யார் காய்ச்சியது என்று கேட்டார்.

"நாங்கதான்," என்றார் நண்பர், ஆங்கிலத்தில், நெஞ்சை நிமிர்த்தி.

குசினி யன்னல் திறந்திருந்தது. உள்ளே வெங்காயம் வெட்டும் சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது. நான் வாய் திறக்கவில்லை. காய்ச்சிய பியர்களைவிட அதை நினைத்துத்தான் எனக்கு இன்றும் வெட்கம். திங்கட்கிழமை தேநீர் இடைவேளையில் சுத்தம், சூடு, பொறுமை ஆகிய மூன்றைப் பற்றியும் நான் விரிவுரை நிகழ்த்தியதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள்.

அடுத்த வாளிக்கு அவளைக் கெஞ்சினோம்.

"எனக்கு டியூட்டி கிடக்கு. நீங்கள் ரெண்டு பேரும் படிச்ச ஆக்கள்தானே, காய்ச்சுங்கோ."

காய்ச்சினோம். வினாகிரியாகப் புளித்தது. அவள் அதில் இரண்டு போத்தலை எடுத்து மிளகாய் ஊறுகாய் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் அந்த ஊறுகாயில் ஒரு சின்னப் போத்தல் கொடுத்தாள்.