மெஹ்ஜபீன் வீட்டு மொட்டை மாடி

காரிமங்கலம் சந்தைக்குப் பின்தெருவில் கேஸ் அடுப்பு ரிப்பேர் கடை வைத்திருந்த நிசார் அகமது இறந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. அவர் மனைவி மெஹ்ஜபீன் இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஊர் இதையெல்லாம் கவனிக்காமல் இருக்குமா? கல்நெஞ்சுக்காரி என்றார்கள் சிலர். அதிர்ச்சி என்றார்கள், டிவியில் டாக்டர் பேசுவதைக் கேட்கிறவர்கள். அவளையே கேட்டிருந்தால் ஒன்றும் தெரியவில்லை என்றுதான் சொல்லியிருப்பாள். பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருந்தது அவளுக்கு. தொட்டால் இருக்கிறது, ஆனால் தன்னுடையது இல்லை.

அவள் இத்தாவில் இருந்தாள். கணவன் போன பிறகு நான்கு மாதம் பத்து நாள் அவன் வீட்டைவிட்டு வெளியே போகாமல், அந்நிய ஆண் கண்ணில் படாமல் இருப்பது. மகள் அன்ஜும் நாற்பது நாள் கூட இருந்துவிட்டு ஓசூருக்குத் திரும்பிவிட்டாள். மெஹ்ஜபீன் காலண்டரில் நாளைக் கிழித்துக்கொண்டு தனியாக இருந்தாள். சமைத்தாள், தொழுதாள், தூங்கினாள். எதிலும் உப்பு உறைப்பு இல்லை.

மொட்டை மாடி வீட்டில் சேர்த்தியா, வெளியில் சேர்த்தியா என்பதில் சொந்தத்துக்குள் இரண்டு கட்சி. நாலு பக்கமும் திறந்த இடம், ஏறக் கூடாது என்ற கட்சிதான் ஜெயித்தது. மாடிப்படியோ கூடத்துக்குள்ளேயே இருந்தது, அதனால் கொத்தனாரையும் உள்ளே விட முடியாது. சட்டம் பேச ஆள் இருந்தது, துடைப்பம் எடுத்துக்கொண்டு மேலே போகத்தான் ஆள் இல்லை. மூன்று மாதமாக அங்கே ஒருவரும் கால் வைக்கவில்லை.

நிசார் இருந்தவரை இது நடக்கவே நடக்காது. மழைக்காலத்துக்கு வெகு முன்பே மாடி ஏறிவிடுவார். வேப்பஞ்சருகைக் கூட்டி அள்ளுவார், தண்ணீர் இறங்கும் குழாய்க்குள் கம்பி விட்டுக் குடைவார். "மழைக்கு முன்னாடி ஒரு நாள் ஏறுனா போதும். வந்தப்புறம் பத்து நாள் ஏறுனாலும் பத்தாது" என்பார். இந்த வருஷம் விரிசல்களுக்கு சிமெண்டும் பூசினார். பூசிய மூன்றாம் நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் தருமபுரி போய்ச் சேரவில்லை.

ஆவணியும் புரட்டாசியும் வானம் ஏமாற்றிவிட்டது. சேர்த்து வைத்ததையெல்லாம் ஐப்பசி பிறந்ததும் கொட்டியது. இரண்டாம் நாள் கூடத்து மேற்கூரையில் ஓதம் படர்ந்தது. மதியத்துக்குள் காரை பெயர்ந்து விழுந்தது. தெரியாத்தனமாக அதை மகளிடம் போனில் சொல்லிவிட்டாள். அரை மணி நேரத்தில் கம்பைநல்லூரிலிருந்து கொழுந்தன் ஜாவீத் கூப்பிட்டான்.

"பாபி, ஒழுகுற வூட்ல உங்களத் தனியா விட்டா ஊரு என்னா சொல்லும்? சாயங்காலம் நானும் குல்ஷனும் வண்டி எடுத்துக்கிட்டு வர்றோம். மீதி நாள எங்க வூட்ல இருங்க, வூடு ஒழுகுனா இத்தாவுல எடம் மாறலாமாம். இத அப்புறமா வாடகைக்கு விட்டுக்கலாம்."

ஜாவீத் நல்லவன், அவன் மனைவி குல்ஷனும் அப்படித்தான். அதுதான் சிக்கல். கெட்டவனாக இருந்தால் சண்டை போடலாம். அவள் போனை வைத்தாள். ஒன்று மட்டும் தெரிந்தது. இன்று இந்த வீட்டைவிட்டு வண்டி ஏறினால் திரும்ப வரப்போவதில்லை. அதற்கும் அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. பையை எடுத்து இரண்டு புடவையை மடித்து வைத்தாள்.

அப்போது பக்கத்து மாடியிலிருந்து கனிமொழி குடையோடு கத்தினாள். "அக்கா! உங்க மாடி ஏரியாட்டம் நிக்குதுக்கா! குழா அடைச்சிருக்குது போல. கதவத் தொறங்க, நான் வந்து எடுத்து வுடறேன்!"

மெஹ்ஜபீன் பையை ஓரமாக வைத்தாள்.

"நீ வர வேணாம்மா. எங்க வூட்டு மாடி, நானே பாத்துக்கறேன்" என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள். துப்பட்டாவைத் தலையோடு இறுக்கிக்கொண்டு படி ஏறினாள். அது தொண்ணூற்று நான்காம் நாள்.

முழங்கால் அளவு தண்ணீர். மூலைக்குப் போய்க் குனிந்து குழாய் வாயில் கையை விட்டாள். சருகு இருக்கும் என்று நினைத்தாள், இல்லை. துணி தட்டுப்பட்டது. சுற்றிலும் களிமண் வைத்து அமுக்கியிருந்தது. தானாக வந்து அடைத்துக்கொண்டது இல்லை, யாரோ அடைத்தது.

யாரோ என்ன யாரோ. புதுப்பூச்சு இறுக ஒரு வாரம் தண்ணீர் கட்டி நிறுத்துவார்கள், குழாயை அடைத்துவிட்டு. ஏழாம் நாள் எடுத்துவிட வேண்டும். நிசாருக்கு ஏழாம் நாள் இல்லை. அவர் கட்டிய தண்ணீர் ஆடிக் காற்றில் காய்ந்துபோயிற்று, அடைப்பு அப்படியே நின்றுவிட்டது. மழைக்குப் பயந்து மனிதன் வீட்டுக்குச் செய்த கடைசி வேலை, அந்த வீட்டையே ஒழுகவைத்திருந்தது.

இரண்டு கையாலும் இழுத்தாள். வரவில்லை. காலைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றி இழுத்தாள். பிடுங்கிக்கொண்டு வந்தது. குழாய் பெரிய சத்தத்தோடு குடிக்க ஆரம்பித்தது. கையில் இருந்தது அவருடைய பழைய பனியன். கயிறு போல முறுக்கியிருந்தது. மூன்று மாதம் கழித்தும் அவர் கை முறுக்கிய முறுக்கு அப்படியே இருந்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்லப் பிரிந்தது.

உட்கார்ந்து திரும்ப முறுக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினாள். விட்டால் பிரிந்தது. இன்னும் இறுக்கினாள், மறுபடி பிரிந்தது. வலித்தது. கை இல்லை, உள்ளே எல்லாம் வலித்தது. தாங்க முடியாமல் வலித்தது. தண்ணீர் முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு இறங்கிவிட்டிருந்தது.

"அதான் தண்ணி போவுதுல்லக்கா! இன்னும் என்னா பண்றீங்க மழையில?" என்றாள் கனிமொழி.

"ஜாவீத் வந்தா வண்டியத் திருப்பச் சொல்லும்மா" என்று மெஹ்ஜபீன் குரல் உடைந்து சொன்னாள். "எனக்கு இது வரமாட்டேங்குது. அவரு எப்பிடி முறுக்கினாருன்னு தெரியலியே."