சாவி இல்லாத ஆறு வரி

காலேஜில் எனக்குக் கொடுத்த ப்ராஜெக்ட் ரொம்பச் சின்னது. ஓர் எழுத்துக்குப் பதில் வேறோர் எழுத்தைப் போட்டு, சேதியை யாரும் படிக்க முடியாதபடி மாற்றும் புரோகிராம். எந்த எழுத்துக்கு எந்த எழுத்து என்கிற பட்டியல்தான் சாவி. அதைக் கிளாஸ், ஆப்ஜெக்ட் என்று பிரித்து எழுத வேண்டும். என் புரோகிராமைத் திறந்தால் ஓர் ஆப்ஜெக்ட் பிறக்கும். பிறக்கும்போதே இருபத்தாறு ஆங்கில எழுத்தையும் கலைத்துப் புதுச் சாவி ஒன்றைச் செய்து, தனக்குள்ளேயே ஒளித்துக்கொள்ளும். பெரிய சாதனை செய்துவிட்டதாக ஒரே மிதப்பு எனக்கு. திருத்தணியில் ரயில் ஏறினால் இறங்கும்வரை இதையே பேசிப் பக்கத்தில் இருப்பவர்களின் உயிரை வாங்குவேன்.

அப்போது வீட்டில் அக்காவின் கல்யாணப் பேச்சு. பேச்சென்ன பேச்சு, அக்கா தொட்டிலில் கிடந்தபோதே எங்கள் அப்பா நைனாவும் பள்ளிப்பட்டு அத்தையும் முடித்துவிட்ட விஷயம். மாப்பிள்ளை அத்தை மகன், எங்கள் பாவா. எங்கள் வீடுகளில் பாவா ஒருவர் இருந்துவிட்டால் பெண்ணிடம் சம்மதம் கேட்கிற வழக்கமே கிடையாது. அக்கா அரக்கோணத்தில் ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை வேலை பார்த்தாள். கல்யாணத்துக்கு அப்புறம் வேலை எதற்கு என்று அத்தை சொல்லிவிட்டாள். நைனாவும் தலையாட்டிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லேப்டாப்பில் புரோகிராமைத் தட்டிக்கொண்டிருந்தேன். அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இதுல எழுதுனா யாருக்கும் தெரியாதாடா?"

"ஆங். நைனா தலகீழா நின்னாலும் படிக்க முடியாது."

"உன்னால முடியுமா?"

"இன்னாக்கா நீ, நான் எழுதுன புரோகிராம். எனக்குத் தெரியாதா?"

என்னை வெளியே போகச் சொன்னாள். செல்போனில் அடிப்பதுபோல் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தாள். ஆறு வரி. நான் காட்டியிருந்த பட்டனை அழுத்திச் சேமித்து, எல்லாவற்றையும் மூடிவிட்டு எழுந்து போனாள்.

சாயந்திரம் திறந்து பார்த்தேன். ஒரு வார்த்தைகூடத் தேறவில்லை. அப்போதுதான் உறைத்தது. புரோகிராமை மூடியதுமே அந்த ஆப்ஜெக்ட் போய்விட்டது, அதோடு சாவியும் போய்விட்டது. இப்போது பிறந்திருப்பது வேறு ஆப்ஜெக்ட், வேறு சாவி. சாவியை ஃபைலில் எழுதி வைக்க வேண்டும் என்கிற சின்ன விஷயம்கூட என் களிமண் மண்டையில் ஏறியிருக்கவில்லை. புரோகிராமில் இரண்டு வரி சேர்த்துப் பிழையைத் திருத்தினேன், முழு மதிப்பெண்ணும் வாங்கினேன். அக்காவின் வரிகள் மட்டும் அப்படியே கிடந்தன. என்னைக் கிண்டல் செய்து ஏதாவது எழுதியிருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"படிச்சியா?"

என் புரோகிராம் சொதப்பியதை அவளிடம் ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது.

"ஆங், படிச்சேன்."

"இன்னா சொல்ற?"

"சூப்பரா இருக்குதுக்கா."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் விட்ட இடத்திலிருந்து துணியை மடித்தாள். அந்தப் பேச்சை அவள் மறுபடி எடுக்கவே இல்லை.

கல்யாணம் திருத்தணி மலைமேல் முருகன் கோயிலில் நடந்தது. புறப்படும்போது எல்லோரையும் கட்டிக்கொண்டு அழுதவள், என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு நான் போன் செய்தால் "நல்லாகீறேன்" என்பாள், உடனே பாவாவிடம் கொடுத்துவிடுவாள். புகுந்த வீட்டில் வேலை அதிகம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வருஷம் ஓடியது. கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், இந்த மாதிரி மாற்றெழுத்தை உடைக்கச் சாவியே தேவையில்லை என்று தெரிந்தது. எந்த எழுத்து அதிகம் வருகிறது என்று எண்ணினாலே போதும். அக்காவின் ஆறு வரி ஞாபகம் வந்தது. பழைய லேப்டாப்பைத் தேடி எடுத்து உட்கார்ந்தேன். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தால் 'a' எழுத்துதான் அதிகம் வரும். அதைப் பிடித்ததும் மற்றவை ஒவ்வொன்றாக விழுந்தன. ஒரு காலைப்பொழுதுகூட ஆகவில்லை.

"தம்பி, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்டா.
பாவா நல்லவருதான்.
ஆனா என்னால வேலைய வுட முடியாது.
நான் சொன்னா நைனா அடிப்பாரு, நீ சொன்னா கேப்பாரு.
உன்ன வுட்டா எனக்கு யாரும் இல்ல.
எப்டியாவது பேசுடா."

ஐயோ, இதற்கா சூப்பர் என்றேன்! தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

மறுநாளே பள்ளிப்பட்டுக்குப் பஸ் ஏறினேன். அக்கா அடுப்படியில் இருந்தாள். சாவி தொலைந்தது, வெட்கப்பட்டுப் பொய் சொன்னது, நேற்றுத்தான் படித்தது எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ நீ படிக்கவே இல்லயா?"

"சத்தியமா இல்லக்கா."

அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"நீயும் கைவுட்டுட்டேன்னு மூணு வருஷமா உன்மேல கோவமா இருந்தேன்டா. அந்தக் கோவத்துலதான் நாள ஓட்டிகினு இருந்தேன். இப்போ அதுவும் இல்லன்னா நான் யாரத் திட்றது?"

"என்னையே திட்டுக்கா" என்றேன்.

திட்டத்தான் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.