அரைக்காணி பூஜ்யமல்ல

என் அப்பாவின் நிலம் பூஜ்யம் என்று ஒரு கம்ப்யூட்டர் சொன்னது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

உத்திரமேரூர் பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப் அடிக்கிற வேலையில் இருந்தேன். ஏரிப் பாசன சங்கத்துக்காக நிலப் பட்டியல் ஏற்றிக்கொண்டிருந்தோம். யாருக்கு எவ்வளவு நிலமோ அந்த அளவுக்கு மடைத் தண்ணீர். சென்டைக் காணியாக மாற்ற, மெட்ராஸ் இன்ஜினியர் ஒருவர் சி மொழியில் ஒரு ஃபங்ஷன் எழுதி, ஷேர்டு லைப்ரரியாக அனுப்பியிருந்தார். டேட்டாபேஸ் அந்தக் கோப்பைக் கூப்பிட்டுக் கேட்கும், அது காணியைச் சொல்லும்.

ஊர்க்கோடியில் எங்கள் ஜனத்துக்கு அரசு கொடுத்தது வீட்டுக்கு அறுபத்தாறு சென்ட். நூற்று முப்பத்திரண்டு சென்ட் ஒரு காணி. அப்படியென்றால் அரைக்காணி. இன்ஜினியருடைய ஃபங்ஷனோ முழு எண்ணில் வகுத்து மிச்சத்தைக் கடாசிவிட்டது. எங்கள் தெரு முழுக்க வரிசையாகப் பூஜ்யம். பட்டியல் இப்படியே போனால் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

முதலாளியிடம் காட்டினேன்.

“இன்னாமா, இன்ஜினியர் எழுதினத நீ தப்புன்றியா? குட்த்தத அடிச்சிக்கினு இரு, போதும்.”

“எங்க நிலம் கண்ணு முன்னாடி கீது சார். நட்டுட்டு வந்துக்கீறோம். அது எப்பிடி சார் பூஜ்யமாவும்?”

அவர் டீ குடிக்கப் போய்விட்டார். போகட்டும். காஞ்சிபுரத்தில் ஆறு மாதம் சி படித்தது சும்மா சர்டிபிகேட்டுக்கா?

திருத்தலாமென்றால், இன்ஜினியர் தான் எழுதிய மூலக் கோப்பைக் கொடுக்கவில்லை. அதனால் அதே பெயரில் புதிதாகவே எழுதினேன். காணியை விட்டுவிட்டுக் குழியில் கணக்குப் போட்டேன். நூறு குழி ஒரு காணி. மடையில் தண்ணீர் முறை பேசுகிறவர்கள் குழியில்தான் பேசுவார்கள். முதலில் நூறால் பெருக்கு, அப்புறம் நூற்று முப்பத்திரண்டால் வகு. கம்பைல் செய்து, லைப்ரரியாக லிங்க் செய்து, பழைய கோப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்னுடையதை வைத்தேன்.

மறுபடியும் பூஜ்யம்.

முதலாளி திரும்பி வந்து சிரித்தார். “சொன்னேன்ல?”

கொஞ்சம் யோசித்த பிறகுதான் விளங்கியது. டேட்டாபேஸோடு ஏற்கெனவே திறந்திருந்த இணைப்பு பழைய லைப்ரரியையே பிடித்துக்கொண்டிருந்தது. அதை மூடிவிட்டுத் திரும்பத் திறந்தேன். ஐம்பது. அடுத்த வரியும் ஐம்பது. எங்கள் தெரு மொத்தமும் ஐம்பது ஐம்பதாக எழுந்து நின்றது.

முதலாளியின் சிரிப்பு நின்றது. “மெட்ராஸ்காரரு கேட்டா இன்னா சொல்றது?”

“நான்தான் மாத்தினேன்னு சொல்லுங்க சார். எங்க வேணா வந்து சொல்றேன்.”

அவர் பட்டியலை அச்செடுத்தார்.

சங்கத்துச் சுவரில் அதை ஒட்டியதும் அப்பாவைக் கூட்டிப் போனேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. அவர் பெயர் இருந்த வரியைத் தொட்டுக் காட்டினேன்.

“எவ்ளோ போட்டுக்கீது?”

“அம்பது குழி, நைனா.”

“கம்ப்யூட்டருக்கு இப்பத்தான் தெரிஞ்சிதா?” என்று கேட்டுவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடைப் பக்கம் நடந்தார்.