முப்பத்தெட்டாம் வரி

இருந்தவர்கள்: நானும் றிஸ்வான் காக்காவும். இல்லாதவர்: ஹஸீனா ராத்தா. நேரம், ஒரு வியாழக்கிழமைப் பின்னேரம், அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லத் தொடங்கும்போது. இடம், சாய்ந்தமருது மெயின் ரோட்டில் ஒரு பேக்கரியின் மேல்மாடி. காக்கா அங்கே வெப்சைட் செய்து கொடுக்கும் சின்னக் கடை ஒன்று நடத்தினார்.

இப்படித் தொடங்குவது என்னுடைய பாணி இல்லை, ராத்தாவுடையது. அதைப் பிறகு சொல்கிறேன்.

போன கிழமை, நான் வேலைசெய்யும் கம்பனியில் எங்களுக்குப் புதிய எடிட்டர் தந்தார்கள். எடிட்டர் என்றால் கோட் எழுதுகிற மென்பொருள், வேறொன்றுமில்லை. கம்பனி கொழும்பில் இருக்கிறது, நான் வீட்டு அறைக்குள் இருந்தபடி வேலை செய்கிறேன். இந்த எடிட்டரில் சேவ் பட்டன் இல்லை. ஓர் எழுத்தை அடித்தால் அதுவே எடுத்துவைத்துக்கொள்கிறது. நேற்று என்ன இருந்தது, போன மாதம் என்ன இருந்தது, யார் மாற்றினார் என்று எவ்வளவு தூரமும் பின்னால் போகலாம். நான் சும்மா போய்ப் பார்த்துக்கொண்டிருந்தபோது பள்ளிவாசலில் அசர் பாங்கு கேட்டது. என் கை தன்பாட்டில் போய் கொன்ட்ரோலையும் எஸ்ஸையும் அமத்தியது. மூலையில் சின்னதாக ஒரு செய்தி வந்தது: எல்லாம் சேமிக்கப்பட்டுவிட்டது, நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை.

தேத்தண்ணி கொண்டுவந்த உம்மா கதவடியில் நின்றா.

"பாங்கு சொன்னா இன்னும் அந்தக் கட்டையப் போட்டுக் குத்துறயா நீ?"

"பழகிப் போச்சும்மா."

உம்மா கோப்பையை வைத்துவிட்டுப் போனா. வேறு ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான்.

காக்காவின் கடையில் பின்னேரமானால் கீழேயிருந்து பணிஸ் வேகும் வாசம் மாடிப்படி வழியே ஏறி வரும். சூடேறிய கொம்பியூட்டரின் தூசி மணமும் அதோடு சேரும். இப்போதும் எங்காவது பணிஸ் வாசம் அடித்தால் எனக்குப் பசிப்பதில்லை, மெனுதான் நினைவு வரும். ஃபைல், எடிட், சேர்ச், வியூ, செட்டிங்ஸ். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். வாப்பா ஆழ்கடலுக்குப் போகிறவர், வங்கியில் பெருவிரலைத்தான் நீட்டுவார். ஆகையால் எதைத் தந்தாலும் சோதனைக்குப் படிப்பதுபோல் படிப்பேன். கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை ஒரு கொப்பி வாங்கி, எடிட்டரின் மெனு ஒவ்வொன்றையும் திறந்து, உள்ளே என்னென்ன இருக்கிறது, எதை அமத்தினால் என்ன நடக்கிறது என்று எழுதினேன். காக்காவுக்குச் சிரிப்பு.

"டேய் தம்பி, வியூ மெனுவுக்குள்ள அரை மணித்தியாலமா என்னடா தேடுற? அதுக்குள்ள பொண்ணு ஒண்டும் இல்ல, வெளிய வா."

அடுத்த மேசையில் வேலைசெய்யும் ஹஸீனா ராத்தா திரும்பிப் பார்க்காமலே சொல்லுவா: "அவன் பாக்கட்டும் காக்கா. நீங்க கடைக்குச் சொந்தக்காரன், உங்களுக்கு ஃபைலும் எடிட்டும் போதும்."

உண்மையில் எனக்கு அந்த மெனுக்கள் பிடித்திருந்தன. எதைச் செய்யலாம் எதைச் செய்யக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிற பொருள் எங்கள் வீட்டில் ஒன்றும் இருந்ததில்லை. செய்ய ஏலாததை அது சாம்பல் நிறத்தில் காட்டும். சேமிக்காத ஃபைலுக்கு மேலே ஒரு சின்னச் சிவப்புச் சதுரம் நிற்கும், சேமித்தால் நீலமாகும். அந்தச் சதுரம் பழைய காலத்து டிஸ்க் என்று எனக்குத் தெரியாது. கரண்ட் மீட்டர் பெட்டி என்று நினைத்து, கொப்பியிலும் அப்படியே வரைந்து வைத்திருந்தேன். ராத்தா அதைப் பார்த்துவிட்டு ஒரு கிழமை என்னை மீட்டர் தம்பி என்று கூப்பிட்டா.

செட்டிங்ஸுக்குள் பேக்கப் என்றொரு இடம் இருந்தது. அதில் சரி போட்டிருந்தால், ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் பழையதையும் ஒரு பிரதியாக வைத்துக்கொள்ளும். ஃபோல்டர் நிறைய வால் முளைத்த ஃபைல்கள். பார்க்க அலங்கோலமாக இருந்தது. நான்தான் அந்தச் சரியை எடுத்துவிட்டேன். எடுத்ததையும் கொப்பியில் எழுதினேன். கீழே ஒரு கோடுகூட அடித்திருக்கிறேன்.

கடையில் ஒரு சட்டம் இருந்தது. பாங்கு தொடங்கினால் சேவ் பண்ண வேண்டும், எல்லாவற்றையும் மூட வேண்டும், பாங்கு முடிவதற்குள் மெயின் சுவிட்ச் ஓஃப். காக்கா ஒருமுறை தொழுதுவிட்டு வருவதற்குள் கரண்ட் போய் ஒரு நாள் வேலை அழிந்ததாம், அன்றிலிருந்து இந்தச் சட்டம். ஆறு மாதத்தில் பாங்கின் முதல் சொல்லுக்கே எங்கள் கைகள் போய்விடும். யோசிக்க வேண்டியதில்லை. என் கீபோர்டில் கொன்ட்ரோல் கட்டை தேய்ந்துபோனது, மெல்லத் தொட்டால் பிடிக்காது. சேவ் பண்ணும்போது மட்டும் ஊன்றி அமத்துவேன்.

இனி அந்த ஃபைல்.

காக்காவும் நானும் ஒரே ஒழுங்கைக்காரர்கள். கடற்கரையிலிருந்து மேற்கே ஏறிவரும் சின்னத் தெரு அது, சுனாமிக்கு முன் அறுபத்தொரு வீடு. இப்போது அங்கே மணலும் இரண்டு கிணற்று வளையமும்தான் கிடக்கின்றன. மிஞ்சியவர்கள் உள்பக்கம் கட்டிக் கொடுத்த வீடுகளில் சிதறிப்போனார்கள். அந்த ஒழுங்கையை வீடு வீடாக ஒரு பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும் என்பது காக்காவின் ஆசை. யாரும் கேட்டதில்லை. கடை வேலை இல்லாத நேரத்தில் ராத்தா செய்தா.

ஒரு வீட்டுக்கு ஒரு வரி. முதலாம் வரி கடலுக்கு முதல் வீடு, அறுபத்தோராம் வரி ரோட்டோடு இருந்த வீடு. எடிட்டரின் இடது ஓரத்து நம்பர்தான் வீட்டின் நம்பர். எல்லா வரியும் ஒரே மாதிரித் தொடங்கும்: அன்று காலை வீட்டில் இருந்தவர்கள், இல்லாதவர்கள். பிறகு அந்த வீட்டு ஆட்கள் சொன்னது, சொன்ன சொல்லிலேயே. கடைசியில் 'போனது' என்று போட்டு ஓர் எண்ணிக்கை.

ராத்தா வீடுகளுக்குப் போகும்போது கொப்பியும் கொண்டுபோவதில்லை, போனில் பதிவதும் இல்லை. "எழுதுறதக் கண்டா ஆக்கள் கவுண்மென்ட் கச்சேரிக்குக் கதைக்கிற மாதிரிக் கதைப்பாங்க" என்பா. கேட்டுவிட்டு, வழியில் யாரோடும் பேசாமல் வந்து, அப்படியே அடித்துவிடுவா. எட்டு மாதம். அறுபது வீடு முடிந்திருந்தது. ஆகவே எல்லாம் இருந்தது அந்த ஒரு ஃபைலில் மட்டும்தான்.

முப்பத்தெட்டாம் வரி எங்கள் வீடு.

எனக்கு அப்போது ஆறு வயது, தங்கச்சி நிஸ்மியாவுக்கு நாலு. உம்மா எங்கள் இரண்டு பேரையும் கையில் பிடித்துக்கொண்டு ஓடினா என்று தெரியும். ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது என் கை மட்டும் உம்மாவின் கையில் இருந்ததும் தெரியும். இடையில் நடந்தது எனக்கு நினைவில்லை, உம்மா சொன்னதும் இல்லை. ஒரு நாள் ராத்தா எங்கள் வீட்டுக்குப் போய், குசினிக்குள் இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தா. நேரே வந்து அடித்தா. கண்ணைத் துடைத்தாவோ என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அடித்து முடித்துவிட்டுச் சொன்னா: "தம்பி, உம்மா சொல்லிட்டா. வாயால உனக்குச் சொல்லக் கூடாதாம். எழுதினத நீ படிச்சாப் படிக்கட்டுமாம். முப்பத்தெட்டுல இரிக்கி."

நான் படிக்கவில்லை. வியூ மெனுவில் வேர்ட் ரேப் என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் நீண்ட வரி மடிந்து மடிந்து திரைக்குள் முழுதாகத் தெரியும். போடாவிட்டால் வரி வலப்பக்கமாகத் திரைக்கு வெளியே போய்விடும். நாங்கள் போடாமலே வைத்திருந்தோம். அதனால் முப்பத்தெட்டில் நான் கண்டது இவ்வளவுதான்: 'இருந்தவர்கள்: உம்மா, மகன், மகள். இல்லாதவர்: வாப்பா, கடலில். நான் சொன்னன் புள்ள, முதல்ல' இதோடு திரை முடிந்துவிடும். இரண்டு மாதம் இதைக் கண்டுகொண்டே இருந்தேன். வேர்ட் ரேப் ஒரு கிளிக்தான்.

அந்த வியாழக்கிழமை படிப்பது என்று முடிவெடுத்தேன். ராத்தா கடைசி வீட்டைக் கேட்கப் போயிருந்தா. காக்கா போனில் யாரோடோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஃபைலைத் திறந்தேன். முழுவதையும் தெரிவுசெய்தேன், திரை முழுக்க நீலமானது. அப்படிச் செய்தால் கீழ்ப்பட்டியில் எத்தனை எழுத்து, எத்தனை வரி என்று காட்டும், அதைப் பார்ப்பது எனக்கொரு பழக்கம். பிறகு குறித்த வரிக்குப் போவதற்காக கொன்ட்ரோலோடு ஜியை அமத்தினேன். அப்போது வரும் சின்னப் பெட்டியில் நம்பரைக் கொடுக்க வேண்டும். நான் இரண்டு விரலால் அடிக்கிறவன், கண் கீபோர்டில்தான் இருக்கும். மூன்று, எட்டு.

கொன்ட்ரோல் கட்டை பிடித்திருக்கவில்லை. பெட்டி வரவேயில்லை. நீலமாகத் தெரிவாகியிருந்தது முழுவதையும் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் ஜி என்ற எழுத்தும் முப்பத்தெட்டும் உட்கார்ந்தன.

நான் நிமிர்ந்தபோது வெள்ளைத் திரையில் முப்பத்தெட்டு என்று இருந்தது. சத்தியமாக, வந்துசேர்ந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அதே நேரம் பாங்கு.

கை போனது. கொன்ட்ரோலை ஊன்றி அமத்தினேன். சிவப்புச் சதுரம் நீலமானது. எடிட்டரை மூடினேன். காக்கா மெயின் சுவிட்ச்சைத் தட்டினார். தொழும்போது, வியாழனில் அசரோடு கடை பூட்டு, நாளைக்கும் பூட்டு, சனிக்கிழமை படிக்கலாம் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் காக்கா மட்டும் வந்து ஃபோல்டர் எல்லாவற்றையும் பென்ட்ரைவில் ஏற்றுவார். கிழமைக்கொரு தரம் அதுதான் எங்கள் காவல். பழையதற்கு மேல் புதியதை எழுதவா என்று கேட்கும், எல்லாவற்றுக்கும் ஓம் என்பார்.

சனிக்கிழமை ராத்தா கடைசி வீட்டை மனதில் சுமந்துகொண்டு வந்து உட்கார்ந்தா.

"தம்பி, இதென்ன முப்பத்தெட்டு?"

நான் எழும்பிப் போனேன். எடிட் மெனுவைத் திறந்தேன். அன்டூ சாம்பல் நிறத்தில் இருந்தது. மூடின ஃபைலுக்கு அது நினைவு வைத்திராது. கொப்பியில் இரண்டாம் பக்கத்தில் நானே எழுதியிருந்தேன். காக்கா பென்ட்ரைவைச் செருகினார், அதிலும் அதே. பேக்கப்பில் இரிக்கும் என்றார். அந்தச் சரியை எடுத்துவிட்டதை நான் சொன்னேன்.

காக்கா ஏசவில்லை. "அத ஏன்டா எடுத்த?" என்று மட்டும் கேட்டார்.

"அலங்கோலமா இருந்திச்சு காக்கா."

ராத்தா அறுபத்தோராம் வீட்டை அடித்தா. அவவுக்கு வேறு வழியில்லை, மறந்துபோகும். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு கீழே போனா. பணிஸ் வாசம் வந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை, அதைப் பற்றிப் பெருமையும் இல்லை.

திரும்பவும் வீடு வீடாகப் போனோம், இந்த முறை நானும் கூட. ஒரு மீன்காரர் வாசலில் நின்று கேட்டார்: "கடல் கொண்டுபோனத எழுதினீங்க, அத கொம்பியூட்டர் கொண்டுபோச்சா? நல்ல வேல பாத்தீங்க மனே." சொல்லிவிட்டுச் சிரித்தார், பிறகு உட்கார்ந்து முழுவதையும் சொன்னார். எல்லாரும் அப்படி இல்லை. முதல் தரம் ஒரு பின்னேரம் முழுக்கக் கதைத்த ஒரு தாய், இப்போது "ரெண்டு புள்ள. எழுதிக்கங்க" என்றதோடு எழும்பிப் போனா. அப்படிச் சுருங்கிப்போனவற்றையும் வரி என்றே எடுத்துக்கொண்டோம். சிலர் வெளிநாடு போய்விட்டார்கள். இரண்டு பேர் மௌத்து, கேட்க ஆள் இல்லை. சிலர் கதவைத் திறந்து, எங்கள் முகத்தைக் கண்டு, "பிறகு வாங்க" என்றார்கள். பிறகு என்று ஒன்று வரவில்லை.

எங்கள் வீட்டுக்கு ராத்தா தனியாக வந்தா. நான் வாசலில் நின்றேன். குசினிக்குள் உம்மாவின் குரல், அடுப்பு ஊதுகிற நேரத்துக் குரல் மாதிரிச் சாதாரணமாக:

"ஒருக்காச் சொன்னன் புள்ள. சொல்லி இறக்கி வச்சிட்டன். திரும்பத் தூக்க எனக்கு ஏலா."

கேற்றடியில் ராத்தாவை நிறுத்தினேன். "ராத்தா, உங்களுக்கு ஞாபகம் இரிக்கிதானே?"

"இரிக்கி."

"அப்ப எழுதுங்களன். நான் வாயால கேக்கல்ல."

"கேட்டுப் பாத்தன் தம்பி. எழுதவும் வேணாமாம், போனது போகட்டுமாம். அது உம்மாட அமானிதம். அவ சொல்லச் சொன்னாச் சொல்லுவன்."

அமானிதம் என்று வந்துவிட்டால் அதற்கு மேல் கேட்க முடியாது. ஒருவர் நம்பி ஒப்படைத்ததை அவர் கேட்காமல் எடுக்கக் கூடாது. எனக்கும் அதைத்தான் சொல்லித் தந்து வளர்த்தார்கள். அடுத்த வருடம் ராத்தா மாப்பிள்ளையோடு தோஹாவுக்குப் போய்விட்டா. பெருநாளைக்கு ஒரு செய்தி அனுப்புவா. உம்மா சுகமா என்று கேட்பா. ஓம் என்று எழுதுவேன்.

கடை இருந்த மாடியில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். பேக்கரி வேறு இடம் போய்விட்டது. காக்கா சம்மாந்துறையில் மச்சானுடைய அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறார், கண்டால் எடிட்டர் பற்றிக் கதைப்பதில்லை. அந்தப் பழைய எடிட்டரை என் கொம்பியூட்டரில் இன்னும் வைத்திருக்கிறேன். ஃபைலும் இருக்கிறது. கிடைக்காத வீடுகளின் வரியை நான் அகற்றவில்லை, வெறுமையாகவே விட்டிருக்கிறேன். அகற்றினால் நம்பர் மாறி, மற்ற வீடுகள் கடலுக்குக் கிட்டப் போய்விடும். போன கிழமை, உம்மா வைத்த தேத்தண்ணி ஆறும்வரை அதைத் திறந்துவைத்திருந்தேன். கொன்ட்ரோலை ஊன்றி அமத்தி முப்பத்தெட்டுக்குப் போனேன். வேர்ட் ரேப்பையும் போட்டேன். மடிவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

ராத்தா இருந்தால் இந்தக் கதையையும் ஒரு வரியில்தான் அடித்திருப்பா. இருந்தவர்கள், இல்லாதவர், அப்புறம் நான் சொன்னது. முடிவில் எண்ணிக்கை. அதை நானே போட்டுவிடுகிறேன்.

அறுபத்தொன்றில் வந்தது: நாற்பத்திரண்டு. போனது: பத்தொன்பது.