ஹாம்பர்க் சுவரின் சேற்றுக்கோடு

என் மகன் ஜெர்மனியில் போய் நின்றான் என்பதை ரங்கூன் பக்கத்து இன்சீனில் ஒரு பெரிய மனிதர் நம்பவில்லை. அவரை நம்ப வைத்தது நான். பள்ளிக்கூடத்தில் மூன்றாவதோடு நின்றவள். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை.

அவன் கப்பலுக்குப் போனது அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு நடந்ததுதான். எண்பத்தெட்டுக் கலவரத்துக்குப் பிறகு பர்மாவில் காலேஜ்கள் பூட்டிக் கிடந்தன. திறக்கும், திறக்கும் என்று காத்திருந்து அலுத்த பையன்கள் ஒவ்வொருவராகக் கப்பல் வேலைக்குக் கிளம்பினார்கள். என் மகனும் சரக்குக் கப்பல் ஒன்றில் டெக் வேலைக்கு ஏறினான். என் அப்பா ரங்கூன் துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்கினவர். என் வீட்டுக்காரர் ஜெட்டியில் கப்பல் கயிறு பிடித்துக் கட்டினவர். நான் பொட்டதாங் பக்கம் ஆற்றோரக் கிட்டங்கியில் பயறு மூட்டை தைத்தேன். கரையில் நின்றே கப்பலைப் பார்த்த குடும்பத்தில் முதலில் கப்பலில் ஏறினவன் அவன்தான்.

இரண்டாம் தடவை போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். இன்சீனில் ஒரு பெண். கோயில் தீமிதியில் பார்த்துப் பேசினதாம். அப்பா இல்லாத பெண், லைங் தாயா பக்கம் ஒரு கம்பெனியில் சட்டை தைக்கிறவள். “நான் திரும்பி வர்றதுக்குள்ள பேசி முடிச்சிரும்மா. அவங்க மாமா வேற இடம் பாக்கிறாரு” என்றான். நான் சாக்கு தைத்தவள், அவள் சட்டை தைக்கிறவள். எனக்குப் பிடித்துப் போயிற்று.

நாலைந்து மாதம் கழித்து அவனிடமிருந்து கடிதம் வந்தது. உள்ளே மூன்று போட்டோ. எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கு ஒரு மத்தியானம் ஆனது. ஊர் பேர் ஹாம்பர்க் என்று எழுதியிருந்தான். ஊருக்குள்ளேயே தெரு மாதிரி தண்ணீர் ஓடுகிறது, கிட்டங்கியெல்லாம் தண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டு நிற்கிறது, உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன் என்று எழுதியிருந்தான்.

படத்தைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கிட்டங்கி என்றால் தகரம், எலி, தூசி என்று இருந்தவள் நான். அங்கே அது அரண்மனை. ஆறு மாடி, ஏழு மாடி, எல்லாம் சிவப்புச் செங்கல், பூச்சு இல்லை. கூரை பாசி நிறம். சுவருக்குச் சுவர் மேலே கூம்பாக முடிந்து, அந்தக் கூம்பில் ஒரு உத்தரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் கொக்கி. அதற்கு நேர் கீழே ஒவ்வொரு மாடிக்கும் ஒரு கதவு. என் அப்பா முதுகில் ஏற்றினதை அங்கே கயிறு ஏற்றியிருக்கிறது. மூட்டை வைக்கிற இடத்துக்குக் கட்டினவன் இத்தனை அழகு செய்திருக்கிறானே, அவன் மூட்டையை மதிக்கத் தெரிந்தவன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மூன்று படத்தையும் எடுத்துக்கொண்டு, வீட்டுக்காரரோடு ஊரைச் சுற்றி ஓடுகிற வட்ட ரயில் ஏறி இன்சீன் போனேன்.

பெண்ணின் தாய்மாமன் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பக்கத்தில் படித்தவர் என்பதால் எல்லாரும் அவரை, பர்மாக்காரர் வாத்தியாரைச் சொல்கிற மாதிரி, ‘சயா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ரயில்வேக்காரர்களுக்கு எங்களைப் போன்ற துறைமுகத்து ஆட்கள் என்றால் கொஞ்சம் இளக்காரம். தேத்தண்ணீர் கொடுத்தார்கள். படங்களை வாங்கி, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“நல்லா வரைஞ்சிருக்கான்” என்றார்.

“என்னண்ணே வரைஞ்சிருக்கான்?”

“படுதாம்மா. ஸ்டூடியோ படுதா. எங்க தெருவுல ஒருத்தன் ஜப்பான்ல நிக்கிறேன்னு படம் அனுப்பினான். மலை இருந்துச்சு, பூ இருந்துச்சு. பாத்தா பாங்காக்ல கோப்பை கழுவிக்கிட்டு இருந்தான். அவனை நம்பி ஒரு பொண்ணு மூணு வருசம் உக்காந்திருந்துச்சு.”

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் ஊர் ஸ்டூடியோக்களில் அருவி, கோட்டை, வெளிநாட்டுத் தெரு என்று எல்லாப் படுதாவும் உண்டு. என் கல்யாணப் படத்திலேயே நானும் வீட்டுக்காரரும் ஒரு பனிமலை முன்னால் வேர்த்துக்கொண்டு நிற்கிறோம். ஆனால் என் மகனைப் பொய்யன் என்றால் கல்யாணப் பேச்சு அன்றோடு முடிந்தது. வேறு இடத்துப் பையன், ரயில்வேக்காரர் மகன், தயாராக இருந்தான். உள்கதவு ஓரம் அந்தப் பெண்ணின் பாதம் மட்டும் தெரிந்தது. அசையவே இல்லை.

சயா விரலால் படத்தைத் தட்டினார். “இதப் பாரு. அஞ்சாவது மாடியில கதவு. படி இல்ல, நிக்க இடம் இல்ல. கதவத் தொறந்தா நேரா தண்ணியிலதான் விழணும். வரைஞ்சவன் கள்ளு குடிச்சிட்டு வரைஞ்சிருக்கான்.”

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“அது மனுசன் போற கதவு இல்லண்ணே, மூட்டை போற கதவு” என்றேன். “மேல கொக்கி தெரியுதா? கீழ படகு வந்து நிக்கும். கயிறு இறங்கும். மூட்டை ஏறும். எந்த மாடிக்கு வேணுமோ அங்க நிக்கிற ஆளு கொக்கியைப் புடிச்சு உள்ள இழுப்பான். எங்க அப்பா வேலை செஞ்ச பழைய கிட்டங்கியிலயும் ஒண்ணு இருந்துச்சு. இவ்வளவு ஒசரம் இல்ல.”

“செங்கல்லுக்குப் பூச்சுகூட இல்லையே. அவ்வளவு ஏழை ஊரா?”

“ஸ்ட்ராண்ட் ரோட்டுல கஸ்டம்ஸ் கட்டடத்துக்கும்தான் பூச்சு இல்ல. அது ஏழைக் கட்டடமா?”

அவர் விடவில்லை. “இதெல்லாம் ஒரு காலண்டரைப் பாத்து வரையலாம்மா. படிச்சவன் சொல்றேன், கேளு.”

என் வீட்டுக்காரர் வாய் திறக்காத மனிதர். அன்றைக்குத் திறந்தார். “சயா, நீங்க தண்டவாளத்துல ஓடறதைப் பாத்தவரு. தண்ணிக்குத் தண்டவாளம் கிடையாது. அவ சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க.”

அப்போதுதான் எனக்கு அது கண்ணில் பட்டது. அதுவரை நானும் கட்டடத்தைப் பார்த்தேன், மகன் முகத்தைப் பார்த்தேன், தண்ணீரைப் பார்க்கவில்லை. மூன்றில் இரண்டு படம் ஒரே பாலத்தில் எடுத்தது. ஒரே சட்டை, பின்னால் அதே சுவர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சயாவின் முன்னால் நகர்த்தினேன்.

“இந்தப் படத்துல சுவருல இரும்பு ஏணி இருக்கு பாருங்க. எத்தனை படி தெரியுது?”

எண்ணினார். “மூணு.”

“இதுல?”

அவர் எண்ணிக்கொண்டே போனார். ஏணி அடிவரைக்கும் தெரிந்தது. அதற்கும் கீழே சேறு மினுங்கியது. படகு ஒன்று ஆழத்தில் கிடந்தது. சுவரில் தண்ணீர் நின்ற உயரத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு, அதற்குக் கீழே பச்சை வழுவழுப்பு.

“காலையில ஏத்தம். மத்தியானம் வத்தம்” என்றேன். “கடல் ஏறும்போது ஆறும் ஏறுது, இறங்கும்போது இறங்குது. நம்ம ரங்கூன் ஆறு மாதிரியேதான். எங்க கிட்டங்கிச் சுவத்துலயும் இதே கோடு இருக்கு, நான் தினம் பாக்கறவ. வரையறவன் தண்ணிய நீலமா வரைவான், அண்ணே. சேத்த எதுக்கு வரையப் போறான்? வரைஞ்சாலும் படுதாவுல வத்தம் வருமா?”

சயா இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மடியில் வைத்தார், மறுபடி எடுத்தார். பிறகு மூன்றாவதைத் தூக்கினார். அது வேறு ஊர், லூபெக் என்று பின்னால் எழுதியிருந்தது. ஆற்றங்கரையில் குறுகல் குறுகலாக வீடுகள். முகப்பு ஒவ்வொன்றும் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும்.

“இதுல சேறு இல்ல, கோடும் இல்ல. சுவரு சுத்தமா இருக்கு. இதுவும் ஜெர்மனிதானே? இங்க மட்டும் ஆறு ஏறாதா?”

ஏதாவது சொல்லியிருக்கலாம். கழுவி விட்டிருப்பார்கள் என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசி வழக்கமில்லை.

“தெரியலண்ணே. மகன் வந்தா கேட்டுச் சொல்றேன்.”

வந்தபின் கேட்டேன். அந்தப் பக்கத்துக் கடல் ஏறி இறங்குகிற கடல் இல்லையாம். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. சயா வென்ற மாதிரி தலையை ஆட்டினார். அப்போது பெண்ணின் அம்மா பேசினாள். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள்.

“அண்ணே, பொய் சொல்ல வந்த வாயா இருந்தா இதுக்கும் ஒரு பதில் வச்சிருக்கும். இந்தக்கா தெரியலன்னு சொல்லுது. எனக்கு அது போதும்.”

எழுந்து உள்ளே போய் லப்பெட் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். தேயிலை ஊறுகாயும் வறுத்த பயறும் நடுவில் வந்துவிட்டால் இங்கே காரியம் முடிந்தது என்று அர்த்தம். வீட்டுக்காரர் கையை நீட்டினார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன்.

“இருங்க. அண்ணே, பொய்யன் வீடுன்னு இங்க நாலு பேரு முன்னால சொன்னீங்க. எங்க வீட்டுக்கு வந்து, எங்க தெருவுல நாலு பேரு முன்னால, பொண்ணு குடுக்கறோம்னு சொல்லுங்க. அப்ப சாப்பிடறோம்.”

“பாவம் விடேன்” என்று வீட்டுக்காரர் முணுமுணுத்தார். பசி அவருக்கு.

சயா கோபிப்பார் என்றுதான் நினைத்தேன். “ரயில்ல வந்தா போதுமா, இல்ல கப்பல்லதான் வரணுமா?” என்றார்.

“ரயிலே போதும். ஸ்டேஷன்லேர்ந்து சைக்கா ரிக்சாவுல வராதீங்க. நடந்து வாங்க.”

உள்கதவு ஓரத்தில் இருந்த பாதம் அப்போதுதான் நகர்ந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். வெயிலில் நடந்தே வந்தார், லப்பெட் தட்டைத் தன் கையிலேயே ஏந்திக்கொண்டு. பின்னால் பெண்ணின் அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேரும். எங்கள் தெருவில் கதவு திறக்காத வீடு இல்லை. பர்மாக்காரப் பெண்கள்கூட மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். வாசலில் நின்று, உள்ளே கூப்பிட்டும் வராமல், குரலை உயர்த்திச் சொன்னார்:

“கப்பல்காரர் வீட்டுக்கு எங்க பொண்ணைக் குடுக்க வந்திருக்கோம்.”

கூலிக்காரர் வீடு என்றுதான் எங்களை அதுவரை சொல்வார்கள். நான் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, அவர் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டேன்.